ஏறுபக்கம்

சேணம் ஏற்றி வைக்கிற மரக் குதிரைமேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியைக் காதர் பாய் உருவினார். எதிரே ஸ்டூலில் கல்யாண மாப்பிள்ளை தினேஷ் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டு அன்றுதான் நான் எங்கள் சேண ஷெட்டுக்கு வந்திருந்தேன். திருவொற்றியூர் மத்தியான வெயிலில் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது.

சேணம் அழகாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பாயின் கைத்தையல் அப்படி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்துத் தைப்பார். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை என்று யாரும் விரல் நீட்ட முடியாது. தோல் நல்ல புளியங்கொட்டை நிறத்தில் மின்னியது.

நான் அதை ஒருமுறை சுற்றி வந்தேன். சந்தேகத்தில் இன்னொரு முறையும் சுற்றினேன். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

தினேஷுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. செயற்கைக் கால்தான். அந்தக் கால் நழுவாமல் இருக்க, தொடையை மேலிருந்து அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு தோல் திண்டு வைக்கச் சொல்லியிருந்தேன். திண்டு இருந்தது. ஆனால் வலது பக்கத்தில் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"இன்னா பாய் இது?" என்றேன்.

"நீ சொன்ன திண்டு" என்றார் பாய், பெருமை பொங்க.

ஜீனியும் சர்க்கரையும்

இந்த இடத்தில் கதையை நிறுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். போன வாரம் தோலின் பதம் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகர், ‘சேணமெல்லாம் இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள், பாவம்’ என்று பரிதாபப்பட்டிருக்கிறார். அவர் ஒருநாள் என் ஷெட்டுக்கு வர வேண்டும். குதிரையேற்றம் சொல்லித்தருகிற பள்ளிக்காரர்களும் பெங்களூரிலிருந்து வருகிற குதிரைக்காரர்களும் வாசலில் நின்று, எங்களுடையது எப்போது முடியும் என்று என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

காரணம் எளிது. எந்தக் குதிரையின் முதுகும் இன்னொரு குதிரையின் முதுகு மாதிரி இருக்காது. கடையில் தொங்குகிற சேணத்தை வாங்கிப் போட்டால் கொஞ்ச நாளில் முதுகில் புண் வரும். அப்புறம் என்னிடம்தான் வருவார்கள். நான் வளையும் கம்பியை முதுகின்மேல் அழுத்தி, அந்த வளைவை அப்படியே அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு வருவேன். தையற்காரர் உடம்புக்கு அளவெடுக்கிற மாதிரிதான்.

ஷெட் ஆரம்பித்த புதிதில் பெயர்ப்பலகை எழுதும் பொறுப்பைப் பாயிடம் விட்டிருந்தேன். குதிரைக்காரர்கள் சேணத்தை ஜீனி என்பார்கள். பாயும் அப்படியே ‘இங்கே ஜீனி செய்து தரப்படும்’ என்று பெரிசாக எழுதிவிட்டார். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் வாசலில் பை வைத்துக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். சர்க்கரை ஃபேக்டரி வந்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. ரேஷன் கார்டு வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டார்.

அன்றே பலகையை மாற்றி எழுதினோம். ஆனாலும் எங்கள் தெருவில் எனக்கு இன்னும் ‘ஜீனி பிலோமினா’ என்றுதான் பெயர். இனிப்பான பெயர்தான், வைத்துக்கொள்ளட்டும்.

இடது, வலது என்று சொல்வதில்லை

பாயும் நானும் முன்பு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் தைத்தவர்கள். அங்கேயே ஒரு வழக்கம் எங்களோடு ஒட்டிக்கொண்டது. சேணத்தில் இடது, வலது என்று சொல்ல மாட்டோம். சொன்னால் குழப்பம். யாருக்கு இடது? குதிரைக்கா, எதிரே நிற்கிற எனக்கா? அதனால் ஏறுபக்கம், எதிர்பக்கம் என்போம்.

உலகம் பூராவும் குதிரையில் இடது பக்கமாகத்தான் ஏறுகிறார்கள். ஆகவே ஏறுபக்கம் என்றால் குதிரையின் இடது. எதிர்பக்கம் என்றால் வலது. இதில் எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

தினேஷ் வரும்வரை.

கண்டெய்னர் லாரிக்குப் பிறகு

தினேஷை அழைத்துக்கொண்டு வந்தவன் கஜா. மாத்தூரில் குதிரை வைத்துக்கொண்டு கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். அவனுடைய வெள்ளைக் குதிரையின் பெயர் ராசாத்தி.

தினேஷ் வீட்டார் யானைக்கவுனியில் பாத்திர வியாபாரம் செய்கிற மார்வாடிக் குடும்பம். தாத்தா காலத்திலேயே வந்துவிட்டவர்கள். வீட்டுக்குள் என்ன பேசுவார்களோ, தெருவில் பையன் பேசுவது சுத்தமான நம்ம பாஷை. எண்ணூர் ரோட்டில் பைக்கில் போகும்போது கண்டெய்னர் லாரி இடித்துக் கால் போனது. அதை அவன் சொன்னபோது என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"அய்ய, அத்த வுடு யக்கா. லாரி போச்சு, காலும் போச்சு. இப்போ குதிர மேல குந்தணும், அதுக்கு வழி சொல்லு" என்றான்.

அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குதிரையில்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கஜாவிடம் இருந்த பழைய சேணத்தில் ஏறிப் பார்த்திருக்கிறான். சேணம் என்று அதைச் சொல்வதே பாவம். ஜரிகைத் துணிக்குக் கீழே பஞ்சு பிதுங்கிய ஒரு மெத்தை. ராசாத்தி நாலடி வைப்பதற்குள் இடது பக்கமாகச் சரிந்துவிட்டான்.

அப்பா கூடவே வந்திருந்தார். சேட்டு அதிகம் பேசுகிறவர் இல்லை. பூ அலங்காரத்தோடு திறந்த கார் ஏற்பாடு செய்திருப்பதாக மட்டும் சொன்னார். தினேஷ் அந்தக் காரைப் பற்றிக் கேட்கவே விரும்பவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். சேணம் தயாரானதும் மாத்தூர் மைதானத்தில் தினேஷ் ஏறிக் காட்ட வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தால் குதிரை, இல்லாவிட்டால் கார்.

அளவு எடுக்கும்போதே ஒன்று தெரிந்துவிட்டது. இவனால் இடது பக்கம் ஏற முடியாது. இடது பக்கம் ஏற வேண்டுமானால் இடது காலை அங்கவடி வளையத்தில் ஊன்றி எழும்ப வேண்டும். இவனுக்கு ஊன்றுகிற கால் வலது கால். ஆகவே வலது பக்கமாக ஏறட்டும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து கஜா ராசாத்திக்கு வலது பக்கமாக நின்றே வெல்லம் ஊட்டிப் பழக்க ஆரம்பித்தான்.

கிளம்பும்போது, "தோரணம் அடிக்கணும் யக்கா, அத்தயும் பாத்துக்கோ" என்றான் தினேஷ். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், மாவிலைத் தோரணம் கட்ட ஆணி அடிப்பதை என்னிடம் எதற்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சரிப்பா என்று தலையாட்டி வைத்தேன்.

அந்த வாரமே காய்ச்சலில் படுத்தேன். மூட்டு மூட்டாக வலி. ராயபுரம் வீட்டில் படுத்தபடியே போனில் பாயிடம் வேலையைச் சொன்னேன். இவன் ஏறுவது வலது பக்கம், ஆகவே இவனுக்கு ஏறுபக்கம் வலது. செயற்கைக் கால் இருப்பது எதிர்பக்கம். இது என் மனக்கணக்கு. "திண்ட எதிர்பக்கம் வெச்சுடு பாய்" என்றேன்.

பாய்க்கு எதிர்பக்கம் என்றால் காலம் காலமாக வலது. வைத்துவிட்டார்.

இதில் தப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள். பாயைக் கேட்டால் என்னுடையது என்பார். யாருக்கு அளவு எடுத்தோம் என்று யோசிக்கிற தையற்காரருக்கு இது புரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

இருக்கிற கால்

மறுபடி ஷெட்டுக்கு வருவோம். வேட்டியை உருவிய இடத்தில் விட்டோம்.

அங்கவடியாக இருந்தால் மாற்றி மாட்டிவிடலாம், அது வெறும் வார்தான். திண்டு அப்படி இல்லை. அடியில் மரச்சட்டத்தோடு ஆணி, மேலே தையல். பிரித்தால் குத்தூசி போட்ட ஓட்டைகள் எல்லாம் தோலில் அப்படியே நிற்கும். துணி மாதிரி நீவிவிட்டு மறைக்க முடியாது. புதுத் தோல் வெட்டி, நனைத்து, படிய வைத்து, உலர வைத்து, தைத்து முடிக்க நாள் இல்லை. அந்தப் பையன் காரில் போக வேண்டியதாகிவிடும், அதுவும் என் ஷெட்டால்.

பாய் முகம் வாடிப்போய்ப் பிரிக்கிற கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இரு பாய்" என்றான் தினேஷ்.

ஸ்டூலை மரக் குதிரையின் வலது பக்கம் இழுத்துப் போட்டான். வலது காலை அங்கவடியில் வைத்து, செயற்கைக் காலைச் சுழற்றி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வலது தொடையைத் திண்டுக்குக் கீழே நுழைத்தான். அப்படியே உடம்பை நிமிர்த்தி எம்பி, வலது கையை மேலே நீட்டித் தலைக்குமேல் தொங்கிய டியூப் லைட்டைத் தட்டினான். லைட் ஆடியது. அவன் ஆடவில்லை.

"பிரிக்காத யக்கா. தோரணம் அடிக்க இதான் வோணும்."

தோரணத்தை ஆள் வைத்து அடித்துக்கொள்ளேன், ஏணி போட்டால் முடிந்தது என்றேன் எரிச்சலாக. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவர்களுடைய தோரணம் மாவிலை இல்லை. கிளிகள் வைத்த மரப்பலகை. பெண் வீட்டு வாசலுக்கு மேலே கட்டியிருப்பார்கள். மாப்பிள்ளை குதிரைமேலிருந்தே எம்பி, கையில் இருக்கிற வாளால் அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதைச் செய்த பிறகுதான் உள்ளே போக முடியும். உட்கார்ந்து வருவது பெரிய காரியமே இல்லை. அந்த எம்பலைத்தான் ஊரே நின்று பார்க்கும். அவன் அப்பா பயந்ததும் அதற்குத்தான்.

"இல்லாத காலுக்கே எல்லாரும் மெத்த போடறீங்கோ. எம்பப் போறது இருக்கிற கால்தானே யக்கா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து நான் அந்த இடது காலையேதான் அளந்துகொண்டிருந்தேன். நல்ல காலுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "அதான் நான் யோசிச்சு அங்க வெச்சேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இடது பக்கத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். செயற்கைப் பாதம் வளையத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே அந்த அங்கவடிக்கு மட்டும் முன்பக்கம் ஷூவின் முனை மாதிரி தோலால் ஒரு மூடி தைத்தோம். அவசரத்தில் தைத்தது. சாயம் பூசி, அது கையில் ஒட்டாமல் இருக்க மேலே பூச வேண்டிய மெழுகைப் பூச நேரம் இல்லாமல் போனது.

மாத்தூர் மைதானம்

காலையிலேயே மணலி உர ஃபேக்டரிப் பக்கத்திலிருந்து வழக்கமான வாசனை அடித்துக்கொண்டிருந்தது. சேட்டு காரை விட்டு இறங்கி, கார் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

தினேஷ் வலது பக்கம் போட்ட ஸ்டூலில் நின்று அங்கவடியில் காலை வைத்து எழும்பினான். அவன் பாதி உயரத்தில் இருக்கும்போது ராசாத்தி இடது பக்கமாக நகர்ந்தாள். அவன் அந்தரத்தில் தொங்கினான். நான் முதுகைத் தாங்க, எப்படியோ திரும்ப ஸ்டூலில் வந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது. சேட்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். கீழே விழுந்தால் சிரிப்பார்களே என்று பயப்படுகிறீர்களா, யார் சிரித்தால் நமக்கென்ன என்று கேட்டேன்.

"சிரிக்க மாட்டாங்கம்மா. பாவம்னு சொல்லுவாங்க. அத்த என் புள்ள தாங்க மாட்டான்" என்றார்.

ஆனால் என் சேணத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. இறங்கி வந்து இன்னொரு தடவை பாருங்கள், அதற்கும் மனசு ஒப்பாவிட்டால் நானே அந்தக் காருக்குப் பூக் கட்டித் தருகிறேன் என்றேன்.

திரும்பி நடக்கும்போதுதான் பார்த்தேன். கஜா ராசாத்தியின் இடது பக்கம் நின்று கயிற்றைப் பிடித்திருந்தான். ஏறுகிறவன் இடது பக்கம் வருவான், குதிரைக்காரன் அந்தப் பக்கம் நிற்பான், இது அவனுக்குப் பழக்கம். இத்தனை நாளாக வலது பக்கமிருந்து வெல்லம் ஊட்டியவன், சமயத்தில் பழைய இடத்திலேயே போய் நின்றுவிட்டான். ராசாத்தி மிரளவில்லை. தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிற பக்கமாக நகர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"இந்தப் பக்கம் வாடா கஜா" என்று கத்தினேன். பாய்க்கு ஒரே சந்தோஷம். ஏறுபக்கம் எது என்று தெரியாதவர் தான் மட்டும் இல்லையே.

கஜா வலது பக்கம் வந்து நின்றான். ராசாத்தி அசையாமல் நின்றாள். தினேஷ் ஏறினான். ஒரு சுற்றுப் போனான். அப்புறம் வேப்பமரக் கிளையை எம்பித் தட்டினான். இலை உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது.

சேட்டு கார் கதவை மூடிவிட்டு நடந்து வந்தார். ஊர்வலத்தில் தானும் பக்கத்திலேயே வருவதாகச் சொன்னார். வா, ஆனால் யாரும் என்னைப் பிடிக்கக் கூடாது என்றான் மகன். யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றார் சேட்டு.

யானைக்கவுனி

ஊர்வலம் சாயங்காலம் கிளம்பியது. பேண்டு வாத்தியச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நானும் பாயும் புதுத் துணி உடுத்திக்கொண்டு, குதிரைக்கு அருகிலேயே நடந்தோம். சேணத்தின்மேல் ஜரிகைத் துணி போட்டிருந்தது. திண்டு வெளியே தெரியவில்லை. தினேஷ் தலைப்பாகையும் வாளுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மாடிகளிலிருந்து ஜனங்கள் பார்த்தார்கள். நானும் எல்லாரையும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். அந்தச் சேணம் என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாதே என்பது ஒன்றுதான் குறை.

பாதி வழியில் ஜரிகைத் துணியின் ஓரம் காற்றில் தூக்கியது. அப்போது கவனித்தேன். சேட்டு இடது பக்கம் நடந்துகொண்டிருந்தார். அவருடைய கை துணிக்கு அடியில் போயிருந்தது. அந்த மூடிய அங்கவடியை, உள்ளே இருந்த செயற்கைப் பாதத்தோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலைமேல் இந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா என்று நினைத்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். வியர்த்து ஒழுக, கண்ணை மகனிடமிருந்து எடுக்காமல் வந்தார். மேலே இருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பாதத்தில் அப்பாவின் கை பட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பெண் வீட்டு வாசல் வந்தது. மேலே பச்சைக் கிளிகளோடு தோரணம் கட்டியிருந்தது. நான் நினைத்ததைவிட உயரம். பேண்டு நின்றது. கஜா கயிற்றைச் சுருக்கிப் பிடித்தான், வலது பக்கமாகத்தான்.

சேட்டு துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றார்.

எல்லாரும் தோரணத்தைப் பார்த்தார்கள். பாயும் நானும் திண்டு இருந்த இடத்தைப் பார்த்தோம். தினேஷ் எம்பினான். தோல் மெல்ல முனகியது, தாங்கியது. மேலே டக்கென்று வாள் மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. பேண்டு மறுபடி வெடித்தது. பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இறங்கியதும் தினேஷ் என்னிடம்தான் வந்தான். மூச்சு வாங்கியது.

"பாத்தியா யக்கா? ஒருத்தர் புடிக்கல."

"தோரணம் அடிச்சப்போ ஒருத்தரும் புடிக்கல தினேசு" என்றேன். அது சத்தியம்.

சேட்டு வந்து மகனின் தலைப்பாகையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். அவருடைய உள்ளங்கை முழுக்கப் புளியங்கொட்டை நிறம். தினேஷ் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா பப்பா கையில?"

"மெஹந்தி" என்றார் சேட்டு.

நம்ம ஷெட்டுச் சாயம் இப்படி ஒட்டாதே, அந்த மூடிக்கு மட்டும்தான் மெழுகு பூசவில்லை என்று சொல்ல, பாய் வாயைத் திறந்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். ஏறுபக்கத்துக் கால்.